விட்டுப்போன இடம்

சென்ற மாதம் எங்கள் மாலைக் கூட்டத்தில் நண்பர் ஒருவர் ஒரு கவிதை படித்தார். அமெரிக்காவில் பிறந்த மூன்று ஓநாய்க் குட்டிகளைப் பற்றியது. பத்தாயிரம் ஆண்டுகளாகக் கேட்காமல் போயிருந்த ஊளை மறுபடி கேட்கிறது என்று முடிந்தது. படித்து முடித்ததும் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. கவிதைக்கு அது நல்ல அறிகுறிதான். நான் மட்டும் முடிவு பொய் என்றேன். விஞ்ஞானத்தை வைத்துக் கவிதையை அளக்கிறீர்கள் என்றார் நண்பர். இல்லை. ஒரு சொல், தான் சுட்டுவதாகச் சொல்லிக்கொள்ளும் பொருளைச் சுட்டுகிறதா என்று கேட்டேன். இது கவிதைக்குள்ளேயே இருக்கிற கேள்வி. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் அன்று வாதம் பாதியில் நின்றது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

1

அழிந்த பிராணிகளை மீண்டும் உண்டாக்கும் முயற்சிக்கு ஆங்கிலத்தில் ‘டி-எக்ஸ்டிங்ஷன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முன்னால் நிற்கும் ‘டி’தான் கவனிக்க வேண்டியது. நடந்ததை நடக்காததாக்குவது அதன் வேலை. தமிழில் இதற்கு ‘மீட்டுயிர்ப்பு’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கல்லறைக் கல் புரண்ட வெளிச்சத்தையும் சேர்த்துக்கொண்டுவிடுகிறார்கள்.

நான் தினமும் கணக்கேடுகளோடு புழங்குகிறவன். தவறான பதிவை எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்வோம். அப்போதும் பழைய பதிவு அழிக்கப்படுவதில்லை. தவறும் திருத்தமும் தத்தம் தேதியோடு அடுத்தடுத்து நிற்கும். பின்னால் வந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு. ஒரு ஜீவராசி பூண்டோடு போய்விட்டது என்பதைப் பற்றிப் பேச வந்த சொல், ஒரு குமாஸ்தாவின் ஏட்டுக்கு இருக்கிற நேர்மைகூட இல்லாமல் பதிவையே சுரண்டி எடுக்கப் பார்க்கிறது. என் புகார் அடிப்படையில் இவ்வளவுதான். மற்றவை விவரங்கள். ஆனால் இந்த விஷயத்தில் விவரங்கள்தான் முக்கியம்.

2

2025 ஏப்ரலில் கொலோசல் பயோசயன்ஸஸ் என்ற அமெரிக்க நிறுவனம் டைர் ஓநாயை உயிர்ப்பித்துவிட்டதாக அறிவித்தது. டைர் ஓநாய், கடைசிப் பனியுகம் முடியும் காலத்தில் அமெரிக்காவில் மறைந்த பெரிய வேட்டை மிருகம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து லா ப்ரியா தார்க்குழிகளிலிருந்து அதன் எலும்புகள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே மியூசியத்தில் 404 மண்டையோடுகளை ஒரு சுவர் முழுக்க வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் தார் எலும்பைக் காத்ததே தவிர டி.என்.ஏ.வைக் காக்கவில்லை. நிறுவனம் படித்த மூலம் வேறு இடத்தில் கிடைத்த இரண்டு துண்டுகள்: ஒஹையோ மாகாணத்துப் பல் ஒன்று, வயது 13,000 ஆண்டு; ஐடஹோ மாகாணத்து மண்டையோடு ஒன்று, வயது 72,000 ஆண்டு.

இவற்றிலிருந்து படித்தெடுத்ததைச் சாம்பல் ஓநாயின் ஜீனோமோடு ஒப்பிட்டார்கள். பிறகு சாம்பல் ஓநாயின் செல்லில் 14 ஜீன்களில் 20 திருத்தங்கள் செய்தார்கள். அந்தச் செல்லின் உட்கருவை, உட்கரு நீக்கிய நாயின் முட்டைக்குள் வைத்து, கருவை நாயின் வயிற்றில் வளர்த்தார்கள். 2024 அக்டோபரில் இரண்டு ஆண் குட்டிகள், 2025 ஜனவரியில் ஒரு பெண் குட்டி. ஆண்களுக்கு ரோமுலஸ், ரீமஸ் என்று ரோமாபுரிப் புராணப் பெயர்கள். பெண்ணுக்கு ஒரு டெலிவிஷன் தொடரின் ராணி பெயர். பெயர்களைப் பார்த்தே இந்தச் சிருஷ்டியின் இலக்கியப் பின்னணியை ஒருவாறு ஊகித்துவிடலாம்.

இரண்டு ஓநாய்களின் ஜீனோமும் 99.5 சதவீதம் ஒன்று என்பது நிறுவனமே சொன்ன கணக்கு. ஓநாயின் ஜீனோம் ஏறக்குறைய 240 கோடி எழுத்து. அப்படியானால் அரை சதவீதம் என்பது 1 கோடியே 20 லட்சம் எழுத்து. அதில் திருத்தியது 20 இடம். அந்த இருபதிலும் டைர் ஓநாயிடமிருந்து நேராக எடுத்தவை 15தான். மற்ற ஐந்தும் வெளிர் நிறத்துக்காகச் செய்தவை. டைர் ஓநாயின் சொந்த நிற ஜீன்களைச் சாம்பல் ஓநாயில் ஏற்றினால் குட்டி செவிடாகவோ குருடாகவோ பிறக்கலாம் என்று அஞ்சி, நாய்களில் பாதகமில்லை என்று தெரிந்த மாற்றங்களைக் கொண்டு வெளுப்பை வரவழைத்தார்கள். குட்டிகளின் நலனை நினைத்துச் செய்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகை அட்டைகளில் வந்து, நண்பரின் கவிதையிலும் ‘பனியுகத்தின் வெண்மை’யாக வந்து உட்கார்ந்த அந்த நிறம், சரியாகச் சொன்னால், இடைச்செருகல்.

நம் பக்கத்து உதாரணம் ஒன்று சொல்கிறேன். குண்டலகேசி நமக்குக் கிடைக்கவில்லை. மேற்கோளாகவும் திரட்டு நூலிலும் தப்பிய சில பாடல்கள்தான் இருக்கின்றன. மணிமேகலை முழுதாக இருக்கிறது. அதுவும் பௌத்த காப்பியம். ஒருவர் மணிமேகலையை எடுத்து, தப்பிய குண்டலகேசிப் பாடல்களைப் பார்த்து இருபது எழுத்தை மாற்றி, அட்டையில் குண்டலகேசி என்று அச்சடித்தால் அவரை என்ன சொல்வோம்? எழுத்தை மாற்றியதில் அவருக்குள்ள சாமர்த்தியத்தை மெச்சலாம். ஆனால் புத்தகத்தை அலமாரியில் எந்தப் பெயரில் வைப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

நிறுவனத்தின் பிரதான விஞ்ஞானி பெத் ஷபிரோ, பார்வைக்கு டைர் ஓநாயாக இருந்தால் அது டைர் ஓநாய்தான் என்ற பொருளில் முதலில் வாதாடினார். அடுத்த மாதமே ‘நியூ சயன்டிஸ்ட்’ பத்திரிகையிடம், இவை 20 திருத்தங்கள் செய்த சாம்பல் ஓநாய்கள் என்றும், அழிந்த ஒன்றை அச்சாக அப்படியே கொண்டுவர முடியாது என்றும் சொன்னார். இரண்டாவது கூற்று கௌரவமானது. முதலாவது நமக்குப் பழக்கமானது. மௌனியின் வாக்கிய அமைப்பை இருபது இடத்தில் ஏற்றிக்கொண்ட கதைகள் தமிழில் நிறைய வந்திருக்கின்றன. பார்வைக்கு மௌனியாகத்தான் இருக்கும். மௌனி மறுபடி எழுத ஆரம்பித்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லை.

3

திருத்தம் இருபதோடு நின்றதுதான் குறை, இரண்டு கோடி திருத்தம் செய்ய முடிகிற நாள் வந்தால் என்ன சொல்வாய் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு ஓநாயைவிட ஓர் எலி நல்ல பதில் தருகிறது.

ஜாவாவுக்குத் தெற்கே இந்துமாக்கடலில் கிறிஸ்துமஸ் தீவு இருக்கிறது. அங்கே மட்டும் வாழ்ந்த மக்லியர் எலி, தீவில் மிக சாதாரணமாகக் கண்ணில் படுகிற பிராணியாக இருந்தது. 1899-இல் ஒரு கப்பலிலிருந்து கருப்பு எலிகள் இறங்கின. அடுத்த பத்தாண்டுக்குள் தீவின் எலி இல்லை. மியூசியங்களில் பாடம் பண்ணி வைத்திருந்த தோல்களை ஆராய்ந்து, கப்பல் எலிகளோடு வந்த இரத்த ஒட்டுண்ணியின் தடயத்தை 2008-இல் காட்டினார்கள். வந்தவை கொண்டுவந்த நோயை இருந்தவற்றின் உடல் அறிந்திருக்கவில்லை.

2022-இல் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் டாம் கில்பர்ட்டும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்த எலியின் ஜீனோமைப் படித்து முடிக்கப் பார்த்தார்கள். உயிர்ப்பிக்கும் நோக்கம் அவர்களுக்கு இல்லை. எவ்வளவு தூரம் படிக்க முடியும் என்று பார்ப்பதுதான் நோக்கம். பழைய டி.என்.ஏ. பொடிப்பொடியாகத்தான் கிடைக்கும். அந்தப் பொடிகளை எந்த வரிசையில் வைப்பது என்று தெரிய நெருங்கிய உறவினத்தின் ஜீனோம் பக்கத்தில் வேண்டும். இங்கே உறவு, நம் எல்லோருக்கும் தெரிந்த பழுப்பு எலி. மூலம் நல்ல நிலையில் இருந்தது, உறவும் நெருக்கமானது. திரும்பத் திரும்பப் படித்தார்கள். அப்படியும் ஏறக்குறைய 5 சதவீதம் மீளவில்லை.

எந்த 5 சதவீதம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விட்டுப்போனவற்றில் மோப்பத்துக்கான ஜீன்களும் நோய் எதிர்ப்புக்கான ஜீன்களும் முக்கியமானவை. இது தற்செயல் அல்ல. வேகமாக மாறிக்கொண்டே வந்த பகுதிகள் இவை. உறவினத்தைப் பக்கத்தில் வைத்துப் படிக்கிறபோது, உறவோடு ஒத்துப்போகிற இடமெல்லாம் சுலபமாகப் படிக்கக் கிடைக்கும். உறவிலிருந்து எங்கே வெகுதூரம் விலகித் தான் தானாக ஆனதோ, அந்த இடம்தான் கிடைக்காது. ஒரு கவியை அவன் காலத்து மற்றவர்களை வைத்தே படிக்கிற விமர்சகனுக்கு நேர்வதும் இதுதான். கவியிடம் பொதுவாக இருப்பதெல்லாம் தெளிவாகிவிடும். கவி மட்டும் அகப்பட மாட்டான்.

அந்த ஓட்டையைப் பழுப்பு எலியின் ஜீன்களால் அடைக்கலாம். ஓர் எலி பிறக்கவும் கூடும். அது தீவின் மண்ணைப் பழுப்பு எலியின் மூக்கால் முகரும். நோயைப் பழுப்பு எலியின் உடலால் எதிர்க்கும். தீவு எலி எதனால் செத்ததோ அதை அறியாத உடலாகவும், எதை முகர்ந்து வாழ்ந்ததோ அதை முகராத மூக்காகவும் வந்த ஒன்றை, மக்லியர் எலி திரும்பி வந்தது என்று சொல்வதில் திரும்பி வந்தது எது?

4

மூலம் ஒரு எழுத்தும் குறையாமல் கிடைத்த கதை ஒன்றும் உண்டு. அது ஓநாயைவிடப் பழையது. அதைப் பற்றி யாரும் கவிதை எழுதியதாகத் தெரியவில்லை.

பைரனீஸ் மலைகளில் புகார்டோ என்ற காட்டாடு இருந்தது. ஐபீரிய மலையாட்டின் ஒரு கிளை. தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியதில் குறைந்துகொண்டே வந்து, ஸ்பெயினின் ஓர்தெஸா தேசியப் பூங்காவில் ஒரு பெண்ணாடு மிஞ்சியது. செலியா என்று பெயர். 1999-இல் அதைப் பிடித்து, காதிலிருந்து துளி தோல் எடுத்து, கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்டார்கள். 2000 ஜனவரி 6 அன்று அது முறிந்த மரத்தின் கீழ் நசுங்கிக் கிடந்தது. தோலின் செல்கள் திரவ நைட்ரஜனில் உறைந்து இருந்தன.

அந்தச் செல்களின் உட்கருக்களை வீட்டு ஆட்டின் முட்டைகளில் வைத்து, கருக்களை 57 வளர்ப்புத் தாய்களுக்குச் செலுத்தினார்கள். ஏழு சினை பிடித்தன. ஒன்று மட்டும் காலம் முடியும் வரை தாங்கியது. 2003 ஜூலை 30 அன்று வயிற்றைக் கிழித்துக் குட்டியை எடுத்தார்கள். நுரையீரலில் குறை. சில நிமிடங்கள் மூச்சுக்குத் திணறிவிட்டுச் செத்துப்போனது. அழிந்துபோன ஓர் உயிர்வகையிலிருந்து பிறந்த முதல் பிராணி அதுதான். ஒரே உயிர்வகை இரண்டு முறை அழிந்தது என்று இதைச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சாதுரியமான வாக்கியம். நான் நம்பவில்லை. அழிந்தது 2000-இல். 2003-இல் செத்தது ஒரு குட்டி. இரண்டும் வேறு வேறு துக்கங்கள். சாதுரியம் இரண்டையும் ஒன்றாக்கி இரண்டையும் சிறிதாக்குகிறது.

குட்டி பிழைத்திருந்தால்? செல் செலியாவினுடையது. எத்தனை குட்டி எடுத்தாலும் எல்லாம் பெண். எல்லாம் ஒரே ஆடு. இணைக்கு ஆண் கிடையாது. பனிக்காலத்தில் எந்தச் சரிவில் இறங்குவது, எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது என்று முன்னால் நடந்து காட்ட ஒரு கிழட்டு ஆடு கிடையாது. மந்தையின் நடமாட்டம் ஜீனில் முழுசாக எழுதியிருப்பதில்லை. அது தாயின் பின்னால் நடந்து நடந்து குட்டிக்கு வருவது. பிரதி முழுதாகத்தான் இருந்தது. அதை வாசிக்கத் தெரிந்த கடைசி ஆள் மரத்தடியில் போய்விட்டாள்.

இதற்குப் பிந்திய ஒரு சின்னத் தகவலும் உண்டு. 2014 முதல் பைரனீஸின் பிரெஞ்சுப் பக்கத்தில், ஸ்பெயினின் வேறு மலைகளிலிருந்து ஐபீரிய மலையாடுகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அவை புகார்டோ அல்ல, வேறு கிளை. வேறு கிளை என்று தெரிந்தே, சொல்லியே விட்டார்கள். பாறைகளில் மறுபடி ஆடு நிற்கிறது. எவரும் சாவை ரத்து செய்யவில்லை. எனக்கு இந்தக் காரியம் பிடித்திருக்கிறது.

5

இவ்வளவு எழுதிய பிறகு, இயற்கைக்கு விரோதம், கடவுளின் வேலையில் கைவைப்பது என்று கூச்சலிடுகிற கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிட வாய்ப்புண்டு. அந்தக் கோஷ்டியோடு எனக்குப் பேச்சில்லை. எலும்பைக் கூட்டிச் சிங்கம் பண்ணிய பண்டிதர்களின் பஞ்சதந்திரக் கதையைத்தான் அவர்கள் உடனே எடுத்துவருவார்கள். உயிர் வந்த சிங்கம் பண்டிதர்களைத் தின்றது. இன்று அந்தப் பயம் வீண். இன்றைய சிங்கம் யாரையும் தின்னாது. இடம் வெளியே சொல்லாத 2,000 ஏக்கர் வேலிக்குள் மனிதர் கொண்டுவந்து போடும் இறைச்சியைத் தின்றுகொண்டு, வேட்டைக்கு அழைத்துப்போகத் தாயில்லாமல் போட்டோவுக்கு நிற்கும். பயங்கரம் என்று ஏதாவது இருந்தால் அது இந்தச் சாதுத்தன்மையில் இருக்கிறது.

இதே விஞ்ஞானம் நேர்மையாக நடந்துகொண்ட இடத்தையும் சொல்ல வேண்டும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் கருங்கால் ஃபெரட் என்ற சின்ன ஊனுண்ணி இருக்கிறது. அழிந்தே போனதென்று நினைத்திருந்து, 1981-இல் வயோமிங் மாகாணத்தில் ஒரு கூட்டத்தைக் கண்டார்கள். இன்றுள்ளவை அனைத்தும் ஏழே ஏழு பிராணிகளின் வழி வந்தவை. அந்த ஏழில் சேராத வில்லா என்ற பெண் 1988-இல் செத்தது. அதன் வழியில் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் செல்களை உறைய வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து 2020 டிசம்பரில் எலிசபெத் ஆன் பிறந்தது. அதே செல்களிலிருந்து பின்னர் பிறந்த ஆன்டோனியா 2024-இல் குட்டி போட்டது. இரண்டு குட்டிகள் பிழைத்தன. இங்கே வில்லா உயிர்த்தெழுந்தது என்று யாரும் சொல்லத் தேவை ஏற்படவில்லை. உயிரோடு இருக்கிற கூட்டத்துக்கு, அறுந்துபோன ஓர் இரத்த வழி மறுபடி வந்து சேர்ந்தது. கற்றுக்கொடுக்கத் தம் இனம் இருந்தது. போய்ச் சேர ஓர் இடம் இருந்தது. கருவி ஒன்றுதான்: உட்கரு, முட்டை, வளர்ப்புத் தாய். வித்தியாசம் எல்லாம் அதற்கு வைத்த பெயரில் இருக்கிறது.

பெயரில்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று நண்பர் கேட்பார். அமெரிக்காவில் ஆபத்திலிருக்கும் உயிர்வகைகளைக் காக்க 1973-இல் ஒரு சட்டம் வந்தது. ஓநாய் அறிவிப்பு வெளியான அதே நாட்களில், அந்தச் சட்டத்தை நிர்வகிக்கும் உள்துறையின் அமைச்சர் டக் பர்கம், உயிர்வகைக் காப்பைப் பற்றிய நம் எண்ணத்தையே மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்றும், நாட்டைப் பெரிதாக்கியது கட்டுப்பாடு அல்ல, புதுமைதான் என்றும் எழுதினார். அறிவிப்பு ஏப்ரல் 7. பத்து நாளில், அதாவது ஏப்ரல் 17 அன்று, ஒரு பிராணி வாழும் இடத்தைப் பாழாக்குவதும் அதற்குச் செய்யும் தீங்கே என்ற விளக்கத்தைச் சட்ட விதிகளிலிருந்து நீக்க அரசு முன்மொழிந்தது. ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நான் சொல்லவில்லை. அந்த யோசனை ஓநாய்க்கு முன்பே அவர்களிடம் இருந்திருக்கும். ஆனால் செத்தது திரும்பி வரும் என்ற சொல் காற்றில் இருக்கிறபோது, சாகவிடுவது எவ்வளவு லேசாகிவிடுகிறது என்று பார்க்க முடிகிறது. கவிதையிலும் அந்தச் சொல்லைப் போட்டு நாம் காற்றைக் கொஞ்சம் கூட்டிவிட வேண்டாம்.

உ.வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சிட்டபோது 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை. எண் இருக்கிறது, பாட்டு இல்லை. சிதைந்த அடிகள் உள்ள பாட்டுகளில் சிதைந்த இடத்தில் புள்ளி இருக்கிறது. அவருக்கிருந்த பயிற்சிக்கு அந்த அளவில் நாலு அடி கட்டுவது பெரிய காரியமல்ல. நமக்கு வித்தியாசம் தெரிந்துகூட இருக்காது. செய்யவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும், இங்கே ஒருவன் ஏதோ சொன்னான், அது கறையானிடம் போய்விட்டது என்று தெரிகிறது. நமக்குக் கிடைத்த மற்றப் பாட்டுகளை நம்ப முடிவதும் அந்தப் புள்ளிகளால்தான்.

டைர் ஓநாய் எப்படி ஊளையிட்டது என்று எவருக்கும் தெரியாது. அந்த மூன்று குட்டிகளும் ஊளையிடுகின்றன. நான் ஒலிப்பதிவைக் கேட்டேன்; அழகாகத்தான் இருக்கிறது. அது ஓர் இளம் சாம்பல் ஓநாயின் குரல். அதைக் கேட்டு நண்பருக்கு நெஞ்சு அடைத்தது என்றால் அதுவும் உண்மைதான். அந்த உண்மையை எழுதியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

கவிதையை இந்த இதழுக்கே கொடுத்திருக்கிறார். வரட்டும் என்றுதான் சொன்னேன். ‘பத்தாயிரம் ஆண்டு’ என்ற இரண்டு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புள்ளி வைத்தால் போதும் என்று கார்டு எழுதிப் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.